துடைப்பத் தண்டனை

கடைத்தெருவில் அவளை எல்லாரும் மிளகாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாயைத் திறந்தால் காரம்தான். ஆனால் அந்தக் காரத்துக்குள் ஒரு நியாயம் இருக்கும் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கடைக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

விடிந்தும் விடியாததுமாக அந்தத் தெருவைக் கூட்டுவது அவள் வேலை. தெருவின் இந்த முனையில் ஒரு மதுக்கடை, அந்த முனையில் ஒரு மதுக்கடை, நடுவில் மாடியோடு ஒரு பார். ராத்திரி குடித்தவர்கள் விட்டுப்போனதெல்லாம் காலையில் அவள் தலையில்தான் விடியும். உடைந்த பாட்டில், நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர், ஒற்றைச் செருப்பு, சுவரோரம் வாந்தி. சில நாள் வாந்தி எடுத்த ஆளே அதன் பக்கத்தில் கிடப்பான். துடைப்பக் கட்டையால் விலாவில் மெதுவாக ஒரு இடி இடிப்பாள்.

“எழுந்திருய்யா மவராசா, பாயைச் சுருட்டணும்.”

ஒரு தடவை பாட்டில் சில்லு உள்ளங்காலில் ஏறி, சீழ் வைத்து, மழைக்காலம் முழுக்க நொண்டிக்கொண்டே கூட்டினாள். அதனால் குடிகாரர்கள் மேல் அவளுக்கு ஈவு இரக்கம் கிடையாது. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்பவர்களைப் பிடித்துத் தண்டிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது டீக்கடையில் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். “நல்லாப் போடட்டும், முட்டிக்கு முட்டி தட்டட்டும்” என்று வாயார வாழ்த்தினாள்.

என்ன தண்டனை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பமும் வண்டியும் எடுக்கிற கொட்டகையில் சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

“நமக்கெல்லாம் நல்ல சேதி. இனிமே குடிச்சுட்டு மாட்டுறவங்க அபராதம் கட்டினா மட்டும் பத்தாது. ஒரு வாரம் காலையில கடைத்தெருவைக் கூட்டணும். நீதிபதி உத்தரவு. தெருவை அசிங்கம் பண்ணவன் தெருவைக் கூட்டட்டும்னு சொல்லிட்டார். பேப்பர்ல முதல் பக்கம். உங்களுக்கு ஓசியில ஆள் கிடைச்ச மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். மிளகாயக்காவும் சிரித்தாள். குப்பை வண்டி தள்ளுகிற நெட்டையன் மட்டும் தலையைச் சொறிந்தான். பனைமரத்துக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான் அவன். எந்த விஷயமும் அவன் தலைக்கு ஏற நேரமாகும்.

“அப்போ சார், ஜெயிலுக்குப் பதிலா நம்ம வேலையா?” என்றான்.

“ஆமா.”

“அப்ப நாம என்ன தப்பு பண்ணோம் சார்?”

அதற்கும் கொட்டகை அதிரச் சிரித்தார்கள். அவன் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் போலீஸ் வேனிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். ஒரு கொத்தனார், லாரி கிளீனர் ஒருவன், கல்லூரி மாணவன் ஒருவன், ரிடையரான வாத்தியார் ஒருவர். கூட வந்த பெண் போலீஸ் இளவயதுக்காரி, மரியாதையான பெண். வேலை முடிந்ததும் இவர்கள் ஒழுங்காகக் கூட்டினார்கள் என்று மிளகாயக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். வந்தவர்களுக்கென்று தனி உடுப்பு எதுவும் தைக்கவில்லை. ஸ்டோரிலிருந்து ஆரஞ்சு கோட்டை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மிளகாயக்காவும் நெட்டையனும் தினமும் போட்டுக்கொள்கிற அதே கோட்டு.

அவர்கள் கூட்டிய லட்சணத்தைச் சொல்லி மாளாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் வீச, புழுதியெல்லாம் மருந்துக்கடைக்குள் போயிற்று. கிளீனர் தான் கூட்டிய குவியலின் மேலேயே வாந்தி எடுத்தான். வாத்தியார் துடைப்பத்தைச் சாக்பீஸ் பிடிப்பது போலப் பிடித்து ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வேன் போன பிறகு மொத்தத் தெருவையும் அவள் மறுபடி கூட்ட வேண்டியிருந்தது.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதாம். இது மாடே இல்லையே!” என்று நெட்டையனிடம் பொருமினாள்.

வேலை இரட்டிப்பானதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து, “என்னக்கா, நேத்து எத்தனை ரவுண்டு?” என்றான்.

யாரைக் கேட்கிறான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. விஷயம் புரிந்தபோது ஸ்கூட்டர் பத்தடி போயிருந்தது. துடைப்பத்தை ஈட்டி போல எறிந்தாள். அது வண்டியின் பின்விளக்கில் பட்டு விழுந்தது. “இறங்கி வாடா, எத்தனை ரவுண்டுன்னு உன் முதுகுல எண்ணிக் காட்டுறேன்!” என்று அவள் கத்தியதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது.

அதே வாரத்தில் ஒரு நாள் சாக்கடை ஓரம் குனிந்து அடைப்பை நீக்கிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கடையிலிருந்து சீருடை போட்ட மகளோடு வந்த ஒருத்தி அவளை நோக்கி விரல் நீட்டி, “பாத்தியா? கெட்ட பழக்கம் இருந்தா கடைசியில இப்படித்தான் தெருக்கூட்டணும்” என்றாள்.

மிளகாயக்கா நிமிர்ந்தாள். “தாயே, நான் டீயைத் தவிர எதையும் தொட்டவ இல்ல. இது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல இதே தெருவுல கூட்டுறேன்.”

“ஐயோ, உங்களைச் சொல்லலைங்க” என்று பதறிய அந்தப் பெண், மகளை இழுத்துக்கொண்டு போகும்போது, “எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா எப்படித் தெரியும்?” என்றும் சொல்லிவிட்டுப் போனாள். மீன்முள் போல அந்த வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது.

சூப்பர்வைசரிடம் போனாள். “சார், அவங்களுக்கு வேற கலர் கோட்டு கொடுங்க.”

“வேற கலர்னா டெண்டர் விடணும்மா.”

“அப்ப எங்களுக்கு வேற கலர் கொடுங்க.”

“அதுக்கும் டெண்டர்தான்” என்றார் அவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் தும்மினால் இங்கே ஜலதோஷம் பிடிக்கிற ஆள், அவ்வளவுதான்.

மிளகாயக்காவின் கணவர் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல்காரர். வாயில்லாப் பூச்சி என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். ‘இருந்த ஒரு வாயையும் சீதனமா அவகிட்ட கொடுத்துட்டேன்’ என்பார் அவர். குழந்தைகள் இல்லை. இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதும் இல்லை. ஏனென்றால் தம்பியை அவள்தான் வளர்த்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. இவளுக்குக் கல்யாண வயது. கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துடைப்பத்தில்தான் அவன் படித்தான், பட்டம் வாங்கினான், ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தான். “எங்கக்கா சுகாதாரத் துறையில இருக்காங்க” என்று அவன் ஆபீசில் சொல்லிவைத்திருப்பது அவளுக்குத் தெரியும். பொய் இல்லையே என்று அவளும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவன்தான் அன்று சாயங்காலம் போன் செய்தான்.

“அக்கா, ஒரு போட்டோ சுத்துது. குடிகாரங்களுக்குத் துடைப்பம்னு தலைப்புப் போட்டு. அதுல நடுவுல நீ நிக்கிற.”

“நிக்கட்டுமே. என் தெருவுல நான் நிக்காம வேற யார் நிப்பா?”

“அதுக்கில்லக்கா. ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. மாமனார் வீட்டுலயும் பாத்திருக்காங்க. கொஞ்ச நாள் லீவு போடேன்.”

“நான் குடிச்சேன்னு நினைச்சுட்டாங்களா? இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே நீ?”

“அது வந்துக்கா...” என்று இழுத்தான்.

“டேய், சொன்னியா இல்லியா?”

“சொல்லலாம்க்கா. சொன்னா, அப்புறம் ஏன் துடைப்பத்தோட அங்க நிக்கிறாங்கன்னு கேப்பாங்களே.”

அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குடிகாரி என்றால் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகிற அவமானம். தெருக்கூட்டுகிறவள் என்றால் ஆயுசுக்கும் தீராது. கணக்குப் பிரிவில் இருப்பவன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தான். போனை வைத்துவிட்டு, ஊறவைத்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டு போய்த் துவைகல்லில் அடித்தாள். கணவரின் சட்டையில் இருந்த பொத்தான்கள் தெறித்தன.

“அந்தச் சட்டை என்ன பண்ணுச்சு?” என்று அவர் வாசலில் நின்று கேட்டார்.

“நீங்க பேசாம போங்க.”

அவர் போய்விட்டார்.

வேன் தினமும் வந்தது. வாரத்துக்கு வாரம் ஆட்கள் மாறினார்கள். சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஓட்டலில் தட்டு கழுவுகிறவர்கள். கார் வைத்திருக்கிற ஒருவனும் வந்து இறங்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் பெரிய மனிதர்களின் கிளப் ஒன்று இருந்தது. அங்கே நடப்பது ஊருக்கே தெரியும்.

“மேடம், கிளப்பு வாசல்ல ஒரு நாளாவது நின்னீங்களா?” என்று பெண் போலீஸைக் கேட்டாள்.

“அங்கல்லாம் டிரைவர் கதவைத் திறந்து உள்ள ஏத்திடுறாங்கக்கா. காருக்குள்ள இருந்தா பொது இடம் ஆகாதாம். எங்களுக்குச் சொன்னதை நாங்க செய்யறோம்” என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சரி, அதை விடுங்க. இவனுங்களுக்கு ஊத்திக் கொடுத்தவன் அதோ கல்லாவுல உட்கார்ந்திருக்கானே? கால் தள்ளாடுறவனுக்கு இன்னொரு கிளாஸ் ஊத்துனது அவன்தானே? அவன் கையில ஒரு துடைப்பத்தைக் கொடுங்களேன் பாக்கலாம்.”

பார் முதலாளி கேட்டும் கேட்காதது போலக் கதவுக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி யாரையோ அதட்டினார்.

மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, வேனிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். மூன்றாவது ஆள் முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இறங்கியதும் வண்டியின் நிழலில் ஒட்டி நின்றுகொண்டான். மிளகாயக்கா துடைப்பங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவனிடம் நீட்டியபோது அவன் கையை நீட்டவில்லை. அப்போதுதான் அந்தக் காதைப் பார்த்தாள். சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடியபோது தகரத்தில் கிழித்து, அவள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய காது.

“நீயா?” என்றாள்.

“சத்தம் போடாதக்கா” என்றான் தம்பி.

ஆபீசில் யாருக்கோ பதவி உயர்வு என்று விருந்து. அளவு மீறிக் குடித்துவிட்டு, பேருந்து நிறுத்தச் சுவரில் சிறுநீர் கழித்து, தட்டிக்கேட்ட போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்திருக்கிறான். கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெண் போலீஸ் தாழ்ந்த குரலில் இதைச் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் மிளகாயக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது, தம்பி அவமானத்தில் கூனிக் குறுகி நிற்பதுதான். அவனைத் திட்டலாமா, தன் முந்தானையால் மறைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தடுமாறினாள். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மறைத்துத்தான் இருப்பாள்.

“அக்கா, ஒரு உதவி பண்ணு. ஒரு வாரமும் கையெழுத்து மட்டும் போட்டுடு. நான் வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கறேன். யாருக்கும் தெரியாது.”

“ஏன், கூட்டேன். கை தேஞ்சா போயிடும்?”

“விளையாடாதக்கா. நான் போய் இந்த வேலையைச் செய்ய முடியுமா?”

“இந்த வேலைன்னா?”

“இதான். அசிங்கம் அள்ளுற வேலை. யாராவது பாத்தா என் மானம் என்னாகும்? செத்துடலாம்க்கா இதுக்கு.”

மிளகாயக்கா கோபப்படும்போது கத்துவாள் என்றுதான் தெரு முழுக்கத் தெரியும். அன்று அவள் குரல் முதலில் எழும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற நெட்டையனுக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்ததாம்.

“செத்துடலாமா?” என்றாள். “சுவத்துல பேஞ்சப்போ போகாத மானம், அந்தச் சுவத்தைக் கழுவுனா போயிடுதா? குடிச்சுட்டு நடுரோட்டுல உருண்டப்போ எங்கடா இருந்துச்சு உன் மானம்? நீ இஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போன சட்டை எதுல வந்துச்சு? உன் காலேஜ் பீஸ் எதுல வந்துச்சு? நீ தின்ன ஒவ்வொரு வாய் சோறும் இந்த அசிங்கத்துலேருந்துதான்டா வந்துச்சு. அப்ப அது நாறலையா உனக்கு?”

“அக்கா, எல்லாரும் பாக்குறாங்க...”

“பாக்கட்டும்!” இப்போது குரல் எழும்பிவிட்டது. “நல்லாப் பாக்கட்டும். நான் இவனோட அக்கா. சுகாதாரத் துறை!”

தம்பி, தப்பித்தால் போதும் என்று நினைத்தானோ என்னவோ, அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்து இழுத்தான். “சரி குடு, கூட்டித் தொலைக்கிறேன்.”

அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தொடாதே. கூட்டித் தொலைக்கிறதுக்கு இது இல்ல. விடு.”

மற்ற இரண்டு பேரிடமிருந்தும் துடைப்பங்களைப் பிடுங்கினாள். அவர்கள் விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். மூன்றையும் தள்ளுவண்டிக்குள் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்தாள்.

“மேடம், இவங்களைக் கூட்டிட்டுப் போங்க.”

“அக்கா, கோர்ட் உத்தரவுக்கா” என்றாள் பெண் போலீஸ்.

“கோர்ட்டுக்குத் துடைப்பம் வேணும்னா கோர்ட்டே வாங்கிக்கட்டும். இது நான் வேலை செய்யற துடைப்பம். நான் எந்தத் தப்பும் பண்ணிட்டு இதைத் தூக்கல. இனிமே தண்டனைன்னு சொல்லி ஒருத்தன் இதைத் தொடக் கூடாது.”

நெட்டையன் யோசித்தான். இந்தத் தடவை அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு, ஆரஞ்சு கோட்டைக் கழற்றி மடித்து அவள் பக்கத்தில் வைத்தான். தெருவின் மறுமுனையில் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்ன ஏது என்று வந்து கேட்டார்கள். கேட்டதும் அவர்களும் கழற்றினார்கள்.

அன்று கடைத்தெரு கூட்டப்படவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார், கெஞ்சினார், போனில் பேசினார், மறுபடி கெஞ்சினார். வெயில் ஏறுகிற நேரத்துக்குச் சுகாதார அதிகாரியின் கார் வந்தது. அதிகாரி இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“ஏம்மா, உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்? உதவிக்குத்தானே ஆள் அனுப்புறோம்?”

“சார், உங்க ரூம்ல இன்னொரு நாற்காலி போடுங்க. குடிச்சுட்டு விழுந்து கிடக்கிறவனை ஒரு வாரம் அதுல உட்கார வெச்சு, பைல்ல கையெழுத்துப் போடணும், இதான் உனக்குத் தண்டனைன்னு சொல்லுங்க. அவனுக்கும் உங்க மாதிரியே கோட்டு, டை மாட்டி விடுங்க. நாங்க எல்லாம் வந்து வாசல்ல நின்னு போட்டோ எடுக்குறோம். உங்களுக்கு உதவியாத்தானே இருக்கும்?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது அவருக்கு உறைத்ததா என்றும் தெரியவில்லை. “திமிர்” என்றார். “எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ணிடுவேன்” என்றார். கண்ணாடி ஏறிக்கொண்டது.

முதல் நாள் கடைக்காரர்கள் தொழிலாளர்களைத்தான் திட்டினார்கள். இரண்டாம் நாள் பார் வாசலில் கிடந்தது வெயிலில் நாற ஆரம்பித்ததும் பார் முதலாளியைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் மருந்துக்கடைக்காரர் தலைமையில் எல்லாருமாகச் சேர்ந்து போய் அதிகாரியைத் திட்டினார்கள். மற்ற வட்டாரங்களின் கொட்டகைகளிலும் கோட்டைக் கழற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதன் பிறகுதான் மேலிடத்துக்குக் காது கேட்டது.

உத்தரவை ரத்து செய்யவில்லை. கௌரவம் விட்டுக்கொடுக்குமா? ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்று சொல்லி, குடித்து மாட்டுபவர்களை இனி அரசு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் களை பிடுங்க அனுப்புவது என்று மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மிளகாயக்காவைத் தேடி வந்தார்.

“ஏம்மா, உன் தலைவலியைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியே, நியாயமா? என் பூச்செடியை எல்லாம் களைன்னு பிடுங்கிப் போட்டுட்டானுங்க. போறவன் வர்றவன் எல்லாம் என்னைப் பாத்து நீயும் குடிகாரனான்னு கேக்குறான்!”

மிளகாயக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “அண்ணே, எந்த வேலையைத் தண்டனைன்னு கொடுத்தாலும் அந்த வேலையைச் செய்யறவன் ஒருத்தன் இருக்கத்தான் செய்வான். அவனைக் கேட்டுட்டா கொடுக்குறாங்க? நீங்களும் செடி வெட்டுற கத்தியைக் கீழ போடுங்க” என்றாள்.

“எங்க மொத்த ஆஸ்பத்திரிக்கும் நான் ஒரே ஆளும்மா” என்றார் அவர். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

அவளை சஸ்பெண்ட் செய்யவில்லை. கடைத்தெருவிலிருந்து பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். கழிப்பறைகளும் சேர்த்து. வேலைக்கு வராத நாட்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நெட்டையனும் தானாகவே கேட்டு அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். ஏன் என்று கேட்டால், “அங்க திட்ட ஆள் இல்லாம போரடிக்குதுக்கா” என்றான்.

தம்பி விஷயம் வேறு மாதிரி போயிற்று. தோட்ட உத்தரவு வருவதற்கு முன்பே, தண்டனையை நிறைவேற்றவில்லை என்று அவனை மறுபடி கோர்ட்டில் நிறுத்தினார்கள். துடைப்பம் கொடுக்க ஆள் இல்லாததால் மிச்ச நாட்களுக்கு ஜெயில் என்று ஆயிற்று. அவன் மனைவி மிளகாயக்காவின் வீட்டுக்கு வந்து கூப்பாடு போட்டாள்.

“கூடப் பிறந்தவனை ஜெயில்ல தள்ளிட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு அக்காவா? ஒரு கையெழுத்து போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

“அன்னிக்கு அவனுக்கு ஊத்திக் கொடுத்தவங்க வீட்டுல போய்க் கத்தும்மா. இங்க கத்தாதே” என்று மிளகாயக்கா சொன்னாள். சொன்னாளே தவிர, அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலில் கொசு இருக்குமா, தரையில் படுக்கவைப்பார்களா என்று கணவரிடம் இரண்டு மூன்று தடவை, சம்பந்தமில்லாத பேச்சுக்கு நடுவில் கேட்டாள். அவர் கேண்டீனிலிருந்து ஒரு டிபன் பாக்ஸோடு போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அவளும் கேட்கவில்லை.

வெளியே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். இளைத்திருந்தான். வாசலிலேயே நின்றான். அவள் உள்ளே கூப்பிடவில்லை; கதவைச் சாத்தவும் இல்லை. பேருந்து நிலைய வேலைக்குப் போட்டுக்கொள்கிற ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என்னை மன்னிச்சுடு” என்றான்.

அவள் கை நின்றது. “எதுக்கு?”

“குடிச்சதுக்கு. இனிமே தொடமாட்டேன். சத்தியமா.”

அவள் அவனையே பார்த்தாள். அவன் இன்னும் ஏதாவது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் சொல்லி முடித்துவிட்ட முகத்தோடு நின்றான். அவனுக்கு உண்மையாகவே வேறு எதுவும் தோன்றவில்லை என்று அவளுக்குப் புரிந்தபோது, அடங்கியிருந்ததெல்லாம் மறுபடி அடிவயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது.

“குடிச்சதுக்கு உன் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேளு. அந்தப் போலீஸ்காரர்கிட்ட கேளு. என்கிட்ட எதுக்குக் கேக்கணும்னு யோசிச்சுட்டு வா.”

“அக்கா...”

“யோசிச்சுட்டு வான்னேன்ல? போ.”

அவன் படியிறங்கிப் போனான். கணவர் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“சின்னப் பயதானே. நீதான் கொஞ்சம் இறங்கி வரக் கூடாதா?”

“நான் எங்கங்க ஏறி நின்னேன், இறங்கி வர்றதுக்கு?” என்றாள் அவள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியின் பின்னால் போனார். தெருமுனையில் இரண்டு பேரும் நின்று பேசுவது அவளுக்குத் தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. அவள் எட்டிப் பார்க்கவும் இல்லை. இன்னொரு பூட்ஸையும் எடுத்துக் குழாயடியில் வைத்து, அடிப்பாகத்தை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.